காலி அறைக்கு யார் பணம் கட்டுவது? ஜார்ஜ்டவுனில் ஹோட்டல் வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும்

2022 தைப்பூசம் முடிந்த வாரம், சித்தப்பா மகன் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி, பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தான். கோவிட்டுக்காக மூடிய மலேசிய எல்லை இன்னும் திறக்காத நேரம். சூலியா தெருவில் பல கடைகளின் இரும்புக் கதவில் 'வாடகைக்கு' அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அதற்குள், அந்தத் தெருவின் பின்சந்தில் கீழே கடையும் மேலே வீடுமான மூன்று பழைய கடைவீடுகளைச் சேர்த்து ஆக்கிய 24 அறை ஹோட்டலின் காகிதங்கள். உரிமையாளர் இரண்டுக்கும் சம்மதம் என்றாராம். 3.6 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் கட்டடம் கைமாறும். அவ்வளவு முடியாதென்றால் மாதம் 18,000 வெள்ளி வாடகைக்கு எடுத்து நடத்தலாம்.

"கோவிட்டுக்கு முன்னால 4.5 மில்லியன் கேட்ட இடம் அண்ணே. இப்ப விட்டா கெடைக்காது லா."

சிறு ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். இதே பேச்சை வேறு வேறு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். விலை குறைந்திருப்பது உண்மைதான், அதை யாரும் மறுக்கவில்லை. நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: "அறை காலியாக் கெடக்குற மாசத்துக்கு யாருடா காசு கட்டுறது?"

பதில் சொல்லத் தெரியாமல் கோப்பை மூடினான். அதற்குப் பிறகு நாங்கள் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். இடம் அடையாளம் தெரியாதபடி எண்களை மாற்றி வட்டமாக்கியிருக்கிறேன். கணக்கின் போக்கு மாறவில்லை.

24 அறை என்றால் மாதத்துக்கு 720 அறை இரவுகள். நல்ல காலத்தில் 65 விழுக்காடு நிறைகிறது, சராசரி அறைக்கட்டணம் 170 வெள்ளி என்று வையுங்கள். விற்ற ஒவ்வோர் அறைக்கும் இணைய முன்பதிவுத் தளத்தின் கமிஷன், சலவை, சோப்பு, கூடுதல் மின்சாரம் என்று 50 வெள்ளி போகும். மிஞ்சுவது 120. அப்படி 468 இரவுகளுக்கு 56,160 வெள்ளி. சம்பளம், சேமநிதி, சொக்சோ எனும் தொழிலாளர் பாதுகாப்புச் சந்தா, அடிப்படை மின்கட்டணம், காப்புறுதி எல்லாம் சேர்ந்து 28,000. வாடகை 18,000. கையில் நிற்பது பத்தாயிரத்துச் சொச்சம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது சுற்றுலா படுக்கிறது. ஆள் குறைவதோடு விட்டால் பரவாயில்லை. பக்கத்து ஹோட்டல்காரன் கட்டணத்தைக் குறைப்பான், நீங்களும் குறைப்பீர்கள். 35 விழுக்காடு நிறைகிறது, கட்டணம் 120 என்றால், கமிஷனும் குறைந்து அறைக்குச் செலவு 42 வெள்ளி ஆகும், மிஞ்சுவது 78. 252 இரவுகளுக்கு 19,656. ஆட்களைக் குறைத்து, ஒரு மாடியை மூடி, நிலையான செலவை 20,000க்கு இறக்கினால் நட்டம் முந்நூற்றுச் சொச்சம் வெள்ளிதான். அதாவது ஹோட்டல் தன் வயிற்றைத் தானே ஏறக்குறைய நிரப்பிக்கொள்கிறது. நட்டம் முழுக்க வாடகை. மாதம் 18,344 வெள்ளி, ஆண்டுக்கு 220,000 வெள்ளி.

சரி, வாங்கினால்? 3.6 மில்லியனில் 60 விழுக்காட்டை வங்கி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். படுத்த நேரத்தில் ஹோட்டலுக்கு அவ்வளவு தரும் வங்கியைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை. 2.16 மில்லியன், 15 ஆண்டு, 5 விழுக்காடு வட்டி: தவணை 17,080 வெள்ளி. வாடகையை விட ஆயிரம் குறைவு! தம்பியின் முகம் மலர்ந்தது இந்த இடத்தில்தான். மேலும் முதல் ஆண்டுத் தவணையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அசலில் கழிகிறது, அது நம் பணம்தான். வாடகையில் ஒரு காசும் திரும்பாது.

ஆனால் கைப்பணத்தைப் பாருங்கள். 40 விழுக்காடு முன்பணம் 1.44 மில்லியன். முத்திரைத் தீர்வை முதல் 100,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000க்கு 2, அடுத்த 500,000க்கு 3, அதற்கு மேல் 4 என்று ஏறி 128,000 ஆகிறது. லாயர், மதிப்பீட்டாளர் கட்டணத்தையும் சேர்த்தால் 1.6 மில்லியன் ஒரே நாளில் கரைந்துவிடும். அவனிடமும் மாமனார் குடும்பத்திடமும் சேர்த்து இருந்ததே அவ்வளவுதான். சாவியை வாங்கிய மறுநாள் கையில் சுழியம். முதல் மோசமான மாதத்தின் 17,000 வெள்ளியை எங்கிருந்து எடுப்பது?

அதே 1.6 மில்லியனோடு வாடகைக்கு எடுத்தால் வைப்புத்தொகை, சீரமைப்பு, கட்டில் மெத்தை எல்லாம் சேர்த்து 400,000 செலவாகும் என்று தாராளமாகவே வைப்போம். மீதி 1.2 மில்லியன். மாதம் 18,344 நட்டம் என்றாலும் 65 மாதம் தாக்குப்பிடிக்கலாம். ஐந்து ஆண்டுக்கு மேல். யாரும் அப்படி ஐந்து ஆண்டு நட்டத்தில் ஓட்டப் போவதில்லை. ஆனால் இரண்டு வழிகளையும் ஒரே தராசில் நிறுத்த எனக்குத் தெரிந்த படிக்கல் இதுதான்: கையில் இருக்கும் பணம் எத்தனை மோசமான மாதங்களைத் தாங்கும்?

இதைச் சொன்னதும் "அப்ப வாடகைதான் பத்திரம்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அங்கேதான் பலர் கவிழ்கிறார்கள்.

முதலில், கம்பெனி பெயரில் எடுத்தாலும் உரிமையாளர் பெரும்பாலும் இயக்குநர்களிடம் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்பார். கையெழுத்துப் போட்டால் ஹோட்டலின் கடன் உங்கள் வீட்டு வாசல் வரை வரும். ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் ஒன்றரை ஆண்டு முடிந்து மூடினால், மீதி நாலரை ஆண்டு வாடகைக்காக வழக்குப் போடவும் வழி உண்டு. வாடகைப் பாக்கி இருந்தால் 1951ஆம் ஆண்டின் பறிமுதல் சட்டப்படி உரிமையாளர் நீதிமன்ற ஆணை வாங்கி, 12 மாதம் வரையிலான பாக்கிக்கு உங்கள் கட்டில், ஏர்கோன், தொலைக்காட்சி எல்லாவற்றையும் ஜப்தி செய்யலாம். விலகும் உரிமை எழுத்தில் இல்லாத வாடகை ஒப்பந்தம், சொத்து சேராத கடன்தான்.

இரண்டாவது, நம் பேச்சில் குத்தகையும் வாடகையும் ஒன்றுதான். தேசிய நிலச் சட்டத்துக்கு அப்படியில்லை. மூன்று ஆண்டுக்கு மேற்பட்டது குத்தகை. நில அலுவலகத்தில் பதிய வேண்டும். மூன்று ஆண்டு அல்லது அதற்குக் குறைவு என்றால் பதிவு தேவையில்லாத வாடகை. பினாங்கில் சிறு ஹோட்டல்கள் பல '3+3', அதாவது மூன்று ஆண்டு முடிந்து இன்னும் மூன்று ஆண்டு, என்று எழுதிக்கொண்டு, பதியாமலே ஓடுகின்றன. பட்டாவில் குறிப்பு ஏற்றாத அந்த வாடகை, கட்டடத்தை நல்லெண்ணத்தில் வாங்கும் புதியவரைக் கட்டுப்படுத்தாது. சுற்றுலா படுத்தால் உரிமையாளரும்தானே படுக்கிறார்? அவருக்கும் வங்கிக் கடன் இருக்கலாம். கட்டடம் ஈட்டில் இருக்கும்போது வங்கியின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் குத்தகை எடுத்து, உள்ளே 400,000 வெள்ளியைப் போட்டுவிட்டு, ஏல அறிவிப்பைக் கதவில் பார்த்தவர்கள் உண்டு. நீங்கள் போட்ட ஓடு, குளியலறை எல்லாம் ஏலத்தில் எடுத்தவனுக்குத்தான்.

ஜார்ஜ்டவுனுக்கே உரிய இன்னொரு சிக்கல் பட்டாவில் இருக்கும் பெயர். தாத்தா இறந்து நாற்பது ஆண்டு ஆகியிருக்கும், பட்டா இன்னும் அவர் பெயரில். ஒன்பது வாரிசுகளில் மூவர் ஆஸ்திரேலியாவில். ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு வாடகை வாங்கிக்கொண்டிருப்பார். இதைத் தவிர, சீனக் குலச் சங்கங்கள், பள்ளிவாசல் வக்பு, கோயில் அறக்கட்டளை ஆகியவற்றுக்குச் சொந்தமான கடைவீடுகளும் இங்கே ஏராளம். அவை விற்பனைக்கே வராது. அங்கே வாங்குவதா எடுப்பதா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் என் அனுபவத்தில், நிறுவன உரிமையாளரோடு நீண்ட காலம் பேசி முடிப்பது சண்டை போடும் வாரிசுகளோடு பேசுவதை விட நிம்மதி.

வாங்குகிறவரின் ஆபத்து வேறு மாதிரி. அவரை யாரும் வெளியேற்ற முடியாது, ஆனால் அவரும் வெளியேற முடியாது. படுத்த சந்தையில் வாங்கியதைப் படுத்த சந்தையிலேயே விற்க நேர்ந்தால், வாங்க ஆள் இருக்காது. கம்பெனி பெயரில் வாங்கி, நல்ல விலை வந்து மூன்று ஆண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரியாகப் போகும்.

சொந்தக் கட்டடம் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு நம் ஊரிலேயே பெரிய மறுப்பு இருக்கிறது. 1885ல் தொடங்கிய ஈ அண்ட் ஓ ஹோட்டலை 1920களில் ஆர்ஷாக் சார்க்கீஸ் பெரும் செலவில் விரிவாக்கினார். கடலோரம் இன்றைக்கும் கம்பீரமாக நிற்கிறதே, அந்த விரிவாக்கம்தான். ரப்பர் விலை விழுந்தது, உலகப் பொருளாதாரமே சரிந்தது. 1931ல் ஆர்ஷாக் இறந்தார். சார்க்கீஸ் சகோதரர்களின் நிறுவனம் அதே ஆண்டு திவாலானது. கட்டடம் பிழைத்தது, கட்டியவர்கள் பிழைக்கவில்லை. நம் காலத்தில் புக்கிட் ஜம்புல் ஈக்குவட்டோரியல் 2021 மார்ச்சோடு மூடியது. கோலாலம்பூர் இஸ்தானா ஹோட்டல் அதே ஆண்டு செப்டம்பரில்.

ஆனாலும் நெருக்கடியில் கடன்காரனுக்குக் கிடைத்த ஒரு சலுகை வாடகைக்காரனுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தனிநபர்களுக்கும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் தவணை தானாகவே ஒத்திவைக்கப்பட்டது. வட்டி ஓடியது, ஆனால் மூச்சுவிட ஆறு மாதம் கிடைத்தது. வாடகை கட்டுகிறவர்கள் உரிமையாளரின் மனசாட்சியை நம்பியிருந்தார்கள். வாடகை ஒப்பந்தங்களையும் உள்ளடக்கிய கோவிட்-19 தற்காலிகச் சட்டம் அரசிதழில் வந்தது அக்டோபர் 23ஆம் தேதி. அதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது. அதற்கு முன் முறிக்கப்பட்ட ஒப்பந்தங்களும் பறிபோன வைப்புத்தொகையும் போனது போனதுதான். அந்தச் சட்டமும் வாடகைப் பாக்கியைத் தள்ளுபடி செய்யவில்லை. 'எதிர்பாராத பேரிடர்' பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தாலே போதும் என்று நினைப்பவர்கள், அந்த வரி வாடகையைக் குறிப்பிட்டு நிறுத்துகிறதா என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

பழைய கட்டடத்தை வாங்குகிறவர் கரையானையும் சேர்த்து வாங்குகிறார். 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ்டவுன் பகுதிக்குள் 2016 முதல் சிறப்புப் பகுதித் திட்டம் அமலில் இருக்கிறது. ஓடு, மரச் சட்டம், சுண்ணாம்புப் பூச்சு எதையும் நினைத்தபடி மாற்ற முடியாது; 18 மீட்டருக்கு மேல் எழுப்பவும் முடியாது. இன்னும் இரண்டு மாடி ஏற்றி அறையைக் கூட்டலாம் என்று கணக்குப் போட்டு விலை பேசாதீர்கள். மாநகர் மன்றத்தில் அங்கீகரித்த வரைபடத்தை வாங்கி அறைகளை எண்ணுங்கள். வரைபடத்தில் 18 இருக்கும், நேரில் 24 இருக்கும். பலகை வைத்துத் தடுத்த அந்த ஆறு அறைகளைத் தீயணைப்புத் துறை ஒருநாள் பார்க்கும். தொழில் உரிமமும் பழைய நடத்துநர் பெயரில்தான் இருக்கும். கட்டடத்தோடு தானாக வந்துவிடாது.

உரிமத்துக்காகவே சிலர் கட்டடத்தை விட்டுவிட்டு, அதை வைத்திருக்கும் கம்பெனியின் பங்குகளை வாங்குவார்கள். பழைய சேமநிதிப் பாக்கி, வரிப் பாக்கி, விருந்தினர் முன்கூட்டியே கட்டிய பணம் எல்லாம் கூடவே வரும். சின்ன ஹோட்டலுக்கு இந்தத் தலைவலி வேண்டாம் என்பது என் கட்சி. வங்கி ஏலத்துக்கும் எச்சரிக்கை தேவை: 10 விழுக்காடு கட்டியபின் 90 அல்லது 120 நாளில் மீதியைக் கட்டாவிட்டால் அந்த வைப்புத்தொகை போய்விடும், கட்டடம் எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மாதிரியான சரிவு என்பதும் முடிவை மாற்றும். 2002ல் மலேசியாவுக்கு 1 கோடியே 33 லட்சம் பேர் வந்தார்கள். சார்ஸ் வந்த 2003ல் 1 கோடியே 6 லட்சம். அடுத்த ஆண்டே 1 கோடியே 57 லட்சம். அந்தச் சரிவில் துணிந்து வாங்கியவன் ஓராண்டில் சிரித்தான். அதே தைரியத்தில் 2020 ஏப்ரலில் வாங்கியவன்? 2019ல் 2 கோடியே 61 லட்சமாக இருந்த எண்ணிக்கை 2020ல் 43 லட்சம், 2021ல் 135,000க்கும் குறைவு. 2024ல் கூட 2 கோடியே 50 லட்சம்தான், பழைய அளவைத் தொடவில்லை. இரண்டு சரிவும் தொடக்கத்தில் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

அதனால் நாட்டின் எண்ணிக்கையை விட, உங்கள் கட்டடத்துக்கு யார் வந்து படுக்கிறார்கள் என்று பாருங்கள். மேடானிலிருந்து மருத்துவமனைக்கு வரும் இந்தோனேசியக் குடும்பம், சிங்கப்பூர் வார இறுதி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வரும் பொறியாளர், சென்னையிலிருந்து 2024 டிசம்பரில் தொடங்கிய நேரடி விமானத்தில் வரும் நம் ஊர்க்காரர்: நால்வரும் ஒரே நேரத்தில் நின்றுபோவது அரிது. ஒரே சுற்றுலா முகவர் அனுப்பும் பேருந்துக் கூட்டத்தை நம்பியிருக்கும் ஹோட்டல் எவ்வளவு மலிவாக வந்தாலும் எனக்கு வேண்டாம்.

விற்கிறவர் காட்டும் கணக்கை எப்படிச் சோதிப்பது? பினாங்கில் 2014 ஜூன் முதல் அறைக்கு ஓர் இரவுக்கு 2 வெள்ளி, நான்கு ஐந்து நட்சத்திரத்துக்கு 3 வெள்ளி என்று உள்ளூர்க் கட்டணம் ஒன்று வந்தது. மாநகர் மன்றத்துக்கு மாதாமாதம் கட்டிய ரசீதை வாங்கி வகுத்துப் பாருங்கள், விற்ற அறைகளின் எண்ணிக்கை வந்துவிடும். வெளிநாட்டவருக்கான 10 வெள்ளிச் சுற்றுலா வரி அறிக்கை அதில் வெளிநாட்டவர் பங்கைச் சொல்லும். லாபத்தைக் கூட்டிக் காட்டுவதற்காக யாரும் கூடுதல் வரி கட்டியிருக்க மாட்டார்கள். அப்படியே ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்குத் தெருவில் நின்று, எரியும் ஜன்னல்களை எண்ணுங்கள். சீனப் புத்தாண்டு வாரத்தில் காட்டும் ஹோட்டலைப் பார்த்து மயங்க வேண்டாம்.

நடுவழிகளும் உண்டு. கட்டடம் உரிமையாளருடையதாகவே இருக்க, வருமானத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு நடத்திக் கொடுப்பது ஒன்று. சரிவு அவர் தலையில். இன்றைய விலையில் பின்னால் வாங்கும் உரிமையோடு வாடகைக்கு எடுப்பது இன்னொன்று. எனக்குப் பிடித்தது அடிப்படை வாடகையோடு விற்பனையில் பங்கு. எங்கள் கணக்கில் 8,000 வெள்ளியும் விற்பனையில் 15 விழுக்காடும் என்றால், மோசமான மாதத்தில் வாடகை 12,536. நல்ல மாதத்தில் 19,934. நல்ல காலத்தில் உரிமையாளருக்கு 18,000ஐ விட அதிகம் கிடைக்கிறது என்பதைக் காட்டித்தான் அவரை மடக்க முடிந்தது.

தம்பிக்கு நான் சொன்னது: விலையில் பாதிக்கு மேல் சொந்தப் பணம் கட்டி, அதற்கு மேல் 18 மாதத் தவணை தனியாகக் கிடந்தால் வாங்கு. இல்லையென்றால் விலகும் உரிமையும் விற்பனைப் பங்கும் உள்ள வாடகை. இரண்டும் இல்லையென்றால் ஃபெர்ரியில் திரும்பிப் போ. உரிமையாளர் இரண்டு மாதம் இழுத்தடித்து, மூன்று ஆண்டுக்கு ஒத்துக்கொண்டார். 12 மாதத்துக்குப் பிறகு ஆறு மாத முன்னறிவிப்போடு விலகலாம். தனிப்பட்ட உத்தரவாதம் ஆறு மாத வாடகைக்கு மேல் போகாது. ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை திறந்தது.

அவன் வாங்கியிருந்தால்? ஆள் வந்திருப்பார்கள், உண்மைதான். கூடவே மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் வட்டி விகிதம் 2022 மே மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் 1.75லிருந்து 3 விழுக்காட்டுக்கு ஏறியது. அந்தக் கடனில் மாதத்துக்கு ஆயிரத்து முந்நூறு, நானூறு வெள்ளி கூடியிருக்கும். குறைந்தபட்சச் சம்பளம் 1,200லிருந்து 1,500 ஆகி, 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. சம்பளம் வாடகைக்காரனுக்கும் ஏறியதுதான், ஆனால் அவன் கையில் பணம் மிச்சம் இருந்தது. முதல் ஆண்டில் அதில் 90,000 கரைந்தது. மூன்றாம் ஆண்டில் திரும்ப வந்துவிட்டது.

2025ல் மூன்று ஆண்டு முடிந்தது. அவன் நிரப்பிக் காட்டிய ஹோட்டலைப் பார்த்த உரிமையாளர், இனிப் பங்கு வேண்டாம், நிரந்தர வாடகை 22,000 என்கிறார். விற்பதானால் 4.8 மில்லியனாம். வாங்கும் உரிமையையும் அன்றே எழுதிக் கேட்டிருக்கலாம். விலகும் வழியிலேயே குறியாக இருந்து அதை விட்டுவிட்டேன், அந்தத் தப்பு என்னுடையது. இப்போது வணிக வாடகைக்கும் சேவை வரி வந்துவிட்டது. அது யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை பேச்சு. பழைய ரசீதுகளையெல்லாம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.